சாராயக்கடை வேலை என்று சொல்லாதீர்கள்



இது நீளமான பதிவு. ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். பாதி படித்துவிட்டு "டீச்சர் ரிட்டயர் ஆனதும் ஒயினைப் பத்தி எழுத ஆரம்பிச்சிட்டாங்க" என்று குரூப்பில் போடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. இனிமேலும் குடிக்கப் போவதில்லை. காரணம் உறவுகளுக்குத் தெரியும். என் பெரிய அண்ணன் 46 வயதில் கல்லீரல் கெட்டுப் போய் இறந்தார். கடைசி ஐந்து மாதம் அண்ணியும் நானும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் கிடந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூவில் ஆல்கஹால் பாடம் வரும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசுவேன். "எத்தனால் பரிட்சைக்கு மட்டும்தான்டா, வாழ்க்கைக்கு இல்லை" என்று நான் சொன்னதை இன்றைக்கும் சிலர் சொல்லிக் காட்டுகிறீர்கள். அந்த வார்த்தையை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருஷம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மகளின் பிரசவத்துக்காகப் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் இருந்தேன். அங்கே போன இரண்டாவது வாரம் ஒரு மெசேஜ் வந்தது. "டீச்சர், நான் பக்கத்துல கோல்மார்ல இருக்கேன். ரயில்ல அரை மணி நேரம். வந்து பாக்கலாமா?"

நம் பள்ளியில் படித்த பையன்தான். பெயர் வேண்டாம். லேபில் சால்ட் அனாலிசிஸ் செய்யும்போது மற்றவர்கள் எல்லாம் சோதனைக் குழாயில் அமிலத்தை ஊற்றிக்கொண்டிருக்க, இவன் லேசாக முகர்ந்து பார்த்துவிட்டு "அசிடேட் டீச்சர்" என்பான். வினிகர் வாசனையை அந்த அறையின் அத்தனை நெடிக்கு நடுவிலும் பிடித்துவிடுவான். "மூக்கை நம்பி எழுதாதே, புரொசீஜர் எழுது" என்று பல தடவை திட்டியிருக்கிறேன்.

வந்தான். பேத்திக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்தான். என்ன வேலை என்று கேட்டேன். வீட்டில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்று சொல்லியிருப்பதாகவும், உண்மையில் ஒரு ஒயின் கடையில் வேலை பார்ப்பதாகவும் சொன்னான். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று வருகிறவர்களுக்குச் சொல்வதுதான் அவன் வேலை. அதற்கென்று இரண்டு வருஷம் படித்திருக்கிறான்.

என் முகம் சுருங்கியது. மறைக்கத் தெரியவில்லை. அவன் பார்த்துவிட்டான்.

"நீங்களுமா டீச்சர்?" என்றான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகத்தான் தெரிந்தது. அவனுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து, இரண்டும் நின்று போயிருக்கின்றன. "சாராயக்கடையில வேலை பாக்கிற பையனுக்கு யார் பொண்ணு குடுப்பா" என்று பேசியிருக்கிறார்கள். அப்படிப் பேசியவர்களில் இந்தப் பதிவைப் படிக்கப் போகிறவர்களும் உண்டு. கோபத்தில் சொல்லவில்லை. நானும் அதே முகத்தைத்தான் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அவனே கூட்டிக்கொண்டு போனான். "நீங்க குடிக்க வேணாம் டீச்சர். மோந்து மட்டும் பாருங்க" என்றான்.

நாங்கள் போன ஊர் ரிக்வீர். கோல்மாருக்குப் பக்கத்தில், சுற்றிலும் மதில் கட்டிய சின்ன ஊர். அந்தப் பகுதிக்கு அல்சாஸ் என்று பெயர். கிழக்கே ரைன் நதி, அதற்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. மேற்கே வோஜ் மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் மழையை மலை தடுத்துவிடுவதால் கோல்மார் பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. தேனி, கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழை மறைவுப் பிரதேசம் என்றால் புரியும். அங்கேயும் திராட்சை, இங்கேயும் திராட்சை.

இரண்டு நாட்டுக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு என்ன கதி என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1918-இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940-இல் மறுபடி ஜெர்மனி. போர் முடியும்போது மறுபடி பிரான்ஸ். ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஒரு பாட்டி நான்கு தடவை தேசம் மாறியிருக்கிறாள். அதனால்தான் கடைகளின் பெயர் ஜெர்மன் மாதிரி இருக்கிறது, பேச்சு பிரெஞ்சாக இருக்கிறது. சாப்பாடும் அப்படித்தான். முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும் ஜெர்மன் பக்கத்து வழக்கம். அதைத் தட்டில் வைத்து அதோடு எது சேரும் என்று அரை மணி நேரம் பேசுவது பிரெஞ்சுப் பழக்கம்.

ரிக்வீரில் ஹுகெல் என்று ஒரு குடும்பம். 1639-இலிருந்து ஒயின் செய்கிறார்கள். நம் ஊரில் திருமலை நாயக்கர் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் லேபிள் ஒட்டிய உயரமான ஒல்லிப் பாட்டில். அல்சாஸ் ஒயின் அந்த ஒல்லிப் பாட்டிலில்தான் வர வேண்டும், அல்சாஸிலேயேதான் அடைக்கப்பட வேண்டும் என்பது 1972-லிருந்து சட்டம். பிரான்சில் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயரை லேபிளில் போடுவார்கள். இங்கே திராட்சையின் பெயரையே போடுகிறார்கள். பொன்னி, சீரகச் சம்பா என்று மூட்டையில் எழுதியிருப்பது போல. அதனால் என்னைப் போன்ற மண்டுவுக்கும் கொஞ்சம் புரிந்தது.

இங்கே விளைவதில் பெரும்பகுதி வெள்ளை ஒயின்தான். ஹுகெல் கடையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து, கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வைத்து, பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் துப்பினான். ஆமாம், துப்பினான். வேலை நாளில் நாற்பது ஐம்பது ஒயினை ருசி பார்க்க வேண்டியிருந்தால் விழுங்கினால் என்ன ஆகும்? துப்புவதுதான் அந்தத் தொழிலில் ஒழுங்கு. எனக்கு அதுவே முதல் ஆச்சரியம்.

முதலில் ரீஸ்லிங். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை. வாயில் வைத்தால் பல் கூசும் அளவுக்குப் புளிப்பு, இனிப்பே இருக்காது என்றான். இதற்கு ஆற்று மீன் சேரும். பிறகு அந்த ஊரின் பெரிய சாப்பாடான ஷூக்ரூத் சேரும். முட்டைக்கோசைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைத்து, பிறகு வேக வைத்து, மேலே பன்றி இறைச்சியும் சாசேஜும் உருளைக்கிழங்கும் வைப்பார்கள். ஒரு தட்டு வந்தால் நம் வீட்டில் மூன்று பேர் சாப்பிடலாம். அத்தனை கொழுப்புக்கு நடுவில் புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும். வறுத்த மீனுக்கு மேல் நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அதே கணக்கு.

இரண்டாவது சில்வனரும் பினோ பிளாங்கும். இவை வீட்டுச் சாப்பாட்டு ஒயின்கள், பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. தார்த் ஃப்ளாம்பே என்று ஒரு பண்டத்துக்கு இவை போதும் என்றான். மாவைக் காகிதம் மாதிரி தேய்த்து, மேலே புளிப்புக் க்ரீம் தடவி, வெங்காயமும் பன்றி இறைச்சித் துண்டுகளும் தூவி, விறகு அடுப்பில் இரண்டு மூன்று நிமிஷம் சுடுவார்கள். அந்தக் காலத்தில் ரொட்டி சுடுவதற்கு முன்னால் அடுப்புச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீந்த மாவில் செய்ததாம். நாம் முதல் தோசையை ஊற்றிக் கல்லைப் பார்ப்பதில்லையா? அவர்கள் அந்த முதல் தோசையையே ஊரின் பெருமையாக ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாவது மஸ்கட். முகர்ந்தால் அப்படியே பழுத்த திராட்சை. இனிப்பாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்காது என்றான். வசந்த காலத்தில் அங்கே வெள்ளை அஸ்பாரகஸ் வரும். லேசான கசப்பு உள்ள தண்டு. எந்த ஒயினோடும் சண்டை போடுகிற காய் என்று அதற்குப் பெயராம். மஸ்கட்டோடு மட்டும் சமாதானமாக இருக்குமாம்.

நான்காவது பினோ கிரி. கொஞ்சம் கனமானது, காளானுக்கும் வாட்டிய கோழிக்கும் ஏற்றது. இதற்கு முன்னால் "டோக்கே" என்று பெயர் இருந்தது. ஹங்கேரியில் அதே பெயரில் புகழ்பெற்ற ஒயின் இருப்பதால், 2007-லிருந்து அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று ஆகிவிட்டது. பெயருக்காக நாடுகள் மல்லுக்கட்டுவது மைசூர் பாகுக்கு மட்டும் இல்லை.

ஐந்தாவதுதான் கெவுர்ஸ்ட்ரமினர். பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. "கெவுர்ஸ்" என்றால் ஜெர்மனில் மசாலா. கிளாஸை மூக்கருகே கொண்டு போனதும் கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. ரோஜா, லிச்சிப் பழம். இது கற்பனை இல்லை. ரோஸ் ஆக்சைடு என்ற சேர்மம் ரோஜாவிலும் இருக்கிறது, லிச்சியிலும் இருக்கிறது, இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. ஒரே மூலக்கூறு மூன்று வீட்டில் குடியிருக்கிறது.

இதோடு சேர்வது முன்ஸ்டர் என்ற சீஸ். வோஜ் மலையில் துறவிகள் மடத்தில் செய்ய ஆரம்பித்தது, மடம் என்ற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. அதன் நாற்றத்தை எப்படிச் சொல்வது? கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி. மேலே சீரகம் போன்ற ஒரு விதையைத் தூவித் தருவார்கள். அன்றைக்கு நான் ஒரு வாய் கெவுர்ஸ்ட்ரமினரை அந்தச் சீஸோடு வைத்துப் பார்த்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். வைத்துவிட்டுத் துப்பினேன். கருவாட்டு நெடி அடங்கிப் பால் ருசி மேலே வந்தது. ஒயினின் வாசனையும் கெடவில்லை. இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டன. அந்த ஒரு வாயில்தான் அவன் இரண்டு வருஷம் என்ன படித்தான் என்று எனக்குப் புரிந்தது.

கடைசியாக, திராட்சையைச் செடியிலேயே நெடுநாள் விட்டு, சுருங்கவிட்டு, நவம்பர் வாக்கில் பறித்துச் செய்யும் இனிப்பு ஒயின். இப்படித் தாமதமாகப் பறிப்பதற்கு என்ன விதி என்று 1984-இல் அல்சாஸில் சட்டம் வந்தது. அந்த விதிகளை எழுதுவதில் இந்த ஹுகெல் குடும்பத்துக்குப் பெரிய பங்கு. அதனோடு வாத்தின் ஈரலைச் சாப்பிடுவது ஸ்ட்ராஸ்பூரின் பெருமையாம். வாத்தின் தொண்டைக்குள் குழாயை விட்டுத் தீனியைத் திணித்து ஈரலை வீங்க வைக்கிறார்கள். அதை நான் தொடவில்லை. ஓர் ஊரின் சமையலை மதிக்கிறோம் என்றால் அதில் உள்ள எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று இல்லை.

இப்போது கொஞ்சம் கெமிஸ்ட்ரி. என்னால் சும்மா இருக்க முடியாது, உங்களுக்குத் தெரியும்.

திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்களில் இது அவ்வளவாகக் கிடையாது. ஆனால் நம் சமையலறையில் ஒரு ஜாடி நிறைய இருக்கிறது. புளி! புளியின் புளிப்பு பெரும்பாலும் இதே டார்டாரிக் அமிலம்தான். ஆப்டிகல் ஐசோமெரிசம் பாடத்தில் வலது கை, இடது கை என்று கையைத் தூக்கிக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? 1848-இல் லூயி பாஸ்டர் இந்த அமிலத்தின் உப்புப் படிகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருப்பதைக் காட்டினார். அடுத்த வருஷம் அவர் பேராசிரியராகப் போன ஊர் எது தெரியுமா? ஸ்ட்ராஸ்பூர். 1854 வரை அங்கே இருந்தார். கல்யாணமும் அங்கேதான். முப்பது வருஷம் போர்டில் எழுதிய பெயர், நான் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஊரில் நடமாடியிருக்கிறது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் அந்த ஊர்க் கடைகளில் புது ஒயின் விற்பார்கள். இன்னும் நொதித்துக்கொண்டே இருக்கும், கலங்கலாக. மூடியை இறுக்கி மூடக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு பாட்டிலை வெடிக்க வைத்துவிடும். அதை அப்போது விழும் வால்நட்டோடு குடிக்கிறார்கள். நொதித்தல் சமன்பாட்டை எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அது பாட்டிலுக்குள் பொங்குவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

சரி, இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? மூன்று விஷயங்களுக்காக.

முதல் விஷயம். எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்பது சமையல் அறிவு. கொழுப்புக்குப் புளிப்பு, உப்புக்கு லேசான இனிப்பு, கனமான சாப்பாட்டுக்குக் கனமான ஒயின், அந்த மண்ணில் விளைந்ததற்கு அந்த மண்ணில் விளைந்தது. பொங்கலுக்குக் கொத்சு, அடைக்கு அவியல், பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் என்று நம் பாட்டிமார் கண்டுபிடித்து வைத்தது எவ்வளவு பெரிய அறிவோ, அதே அளவு அறிவு இது. அந்தப் பையன் விற்பது பாட்டில், ஆனால் அவனுக்குச் சம்பளம் தருவது அந்த அறிவு. அவனுடைய கடைக்கு வந்த ஒரு பாட்டியம்மா, "ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாள், ட்ரவுட் மீன் செய்யப் போகிறேன், பாதாம் போட்டு" என்றாள். இவன் எத்தனை பேர் என்று கேட்டான், வெண்ணெய் எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டான், ஒரே ஒரு பாட்டில் கொடுத்தான். "நாலு பேருக்கு இது போதும்" என்றான். இதைச் சாராயக்கடை வேலை என்று சொல்வது, நகைக் கடையில் வைரம் பார்க்கிறவரைக் கல் உடைக்கிறவர் என்று சொல்வது போல. கல் உடைப்பதும் கேவலமில்லை, ஆனால் வேலை வேறு.

இரண்டாவது விஷயம், பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் என் செல்லங்களுக்கு. சில்லி சிக்கனுக்குப் பக்கத்தில் ஒயின் கிளாஸை வைத்துப் படம் போடுகிறீர்கள். "இந்திய சாப்பாட்டுக்குக் கெவுர்ஸ்ட்ரமினர்தான் சரி" என்று எங்கேயோ படித்ததை நீங்களும் எழுதுகிறீர்கள். எந்த இந்திய சாப்பாடு? மோர்க்குழம்பா, மட்டன் சுக்காவா, கத்தரிக்காய் வத்தக்குழம்பா? ஒரு கண்டத்தின் சமையலை "கறி" என்ற ஒரே வார்த்தையில் அடைத்து, அதற்கு ஒரு பாட்டிலை எழுதிக் கொடுப்பது சோம்பேறித்தனம். மிளகாயின் காப்சைசின் நாக்கில் தொடுவது சூட்டை உணரும் ஏற்பியை. அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு. ஆல்கஹாலும் அதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது. அதனால் காரத்தின் மேல் ஒயினை ஊற்றினால் எரிச்சல் கூடத்தான் செய்யும். கெவுர்ஸ்ட்ரமினரில் ஆல்கஹால் சற்று அதிகம், புளிப்போ குறைவு. ரோஜா வாசனைக்காக அதைச் சொல்கிறார்கள், நாக்கைக் கேட்டுச் சொல்லவில்லை. நான் இதை அவனிடம் கேட்டேன். சிரித்தான். "எங்க அம்மா வைக்கிற மீன் குழம்புக்கு எந்த ஒயினும் கிடையாது டீச்சர். தண்ணி, இல்லைன்னா மோர்" என்றான். மோரில் இருக்கும் கேசின் என்ற புரதம் காப்சைசினைப் பிடித்துக் கழுவிவிடும். தொழில் தெரிந்தவன் "இங்கே என் சரக்கு வேண்டாம்" என்று சொல்வான். தெரியாதவன்தான் எல்லாத் தட்டுக்கும் ஒரு பாட்டிலை நீட்டுவான்.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். "அப்போ ஒயின் நல்லதுதானே, பிரான்ஸ்காரன் குடிக்கலையா" என்று யாராவது கீழே எழுதினால் எனக்குக் கோபம் வரும். பிரான்சிலேயே 2015-ஆம் வருஷத்தில் மட்டும் மதுவால் 41,000 பேர் இறந்தார்கள் என்று அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே கணக்குச் சொல்கிறது. அந்த அழகான பாட்டில்களின் சாராயமும் நம் ஊர்க் குவார்ட்டரின் சாராயமும் ஒரே எத்தனால்தான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே சொல்லிவிட்டது. பிரான்சில் பள்ளிச் சாப்பாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒயின் கொடுத்த காலம் இருந்தது. 1956-இல்தான் 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கூடாது என்று நிறுத்தினார்கள். ஒரு டீச்சராக அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. பிறகு 1991-இல் மது விளம்பரத்துக்குக் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். 2007-லிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்ற அடையாளம் போட்டாக வேண்டும். ஹுகெல் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், இருந்தது. அவர்களே பயந்து பயந்து கையாளும் பொருள் இது. ஆகவே குடிக்காதவர்கள் இந்தப் பதிவைப் படித்துத் தொடங்கிவிடாதீர்கள். குடிக்கிறவர்கள் ஒயின் என்று பெயர் மாற்றிக்கொண்டு நியாயம் தேடாதீர்கள்.

அப்படியானால் டீச்சர் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். குடிக்காத பக்கம்தான். ஆனால் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்வது வேறு, அதன் தொழிலாளியைக் கேவலப்படுத்துவது வேறு. நான் அண்ணனைப் பறிகொடுத்தவள். அந்த வலியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். என் வகுப்பில் பத்து நிமிஷம் பேசியபோதெல்லாம் கள் இறக்கியவர் வீட்டுப் பிள்ளைகளும் கடையில் வேலை பார்த்தவர் வீட்டுப் பிள்ளைகளும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டிருந்திருப்பார்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஊருக்குத் திரும்பியதும் அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவன்தான் கேட்டுக்கொண்டான், "நான் சொன்னா அழுவாங்க, நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று. திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். ஒயின், சீஸ், மீன், துப்புகிற பாத்திரம் வரை. அந்த அம்மா கடைசி வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் குடிக்கிறானாம்மா?"

பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "வேலையில ருசி பாத்துத் துப்பிடறான். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிப்பேன்னு என்கிட்ட சொன்னான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தனியாவா உக்காந்து சாப்பிடறான்?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து வருஷமாக வீட்டுக்குத் தெரியாமல் ஒரு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற பிள்ளை. தாய்க்கு அதுதான் முதலில் பட்டது.

அன்றைக்கு ராத்திரியே அம்மாவும் மகனும் வீடியோவில் பேசினார்கள். இந்தப் பதிவை எழுதவும் இருவரும் சம்மதம் தந்தார்கள். இப்போது அவர்கள் வீட்டில் அவன் வேலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், இந்தத் தடவை உண்மையைச் சொல்லி. பெண் வைத்திருக்கும் உறவுகள் என்னிடம் பேசலாம். நல்ல பையன், நல்ல மூக்கு, நன்றாகச் சமைப்பான். ஜாமீன் கையெழுத்து நான் போடுகிறேன்.

அசிடேட் விஷயத்தில் அவன் சொன்னது எல்லாத் தடவையும் சரிதான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

திட்டுகிறவர்கள் கீழே திட்டலாம். மரியாதையாகத் திட்டுங்கள், அவனும் படிப்பான்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்